முட்டைகளுக்கு ஊற்றிய தண்ணீர்

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி தேவலையா? அம்மா வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா? தன் கட்டி கரையும் என்று இன்னும் தேநீராகக் குடித்துத் தள்ளுகிறாளா?

நம் தோட்டத்துத் தேயிலைச் சாறு முட்டைகளில் வேலை செய்கிறது. சொட்டு விட்ட இடத்தில் குஞ்சுக் கருவுக்குப் புது ரத்தக்குழாய் முளைக்கவில்லை. புது ரத்தக்குழாய் இல்லாமல் கட்டியும் வளராது; ஆனால் மனிதர்களின் கட்டிக்கும் அப்படி ஆகுமா என்பது இன்னும் தெரியாது.

நேற்று ஆய்வகத்தில், சோதனையில் செத்த உயிர்களுக்கு வருடாந்திர அஞ்சலி. அம்மா இதற்கென்றே அனுப்பிய தேயிலையைப் போட்டு, அவற்றுக்கான நினைவுக் கல்லுக்கு முன்னால் ஊற்றச் சொன்னார்கள். எனக்குக் கை வரவில்லை. வெறும் தண்ணீரை ஊற்றினேன்.

"தேயிலைக்காரர் பொண்ணு, தேநீருக்குப் போய்க் கஞ்சத்தனமா?" என்று சீனியர் செகாவா சீண்டினார்.

"உயிரோட இருந்தப்ப சொட்டு விட்டதும் இதைத்தானே. செத்தப்புறமும் இதேயா?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

கவலைப்பட ஒன்றுமில்லை அப்பா. ஒசாகாவில் குளிர் ஆரம்பித்துவிட்டது. அம்மாவின் பழைய சால்வையை அனுப்புங்கள், துவைக்காமல். தேயிலை வேண்டாம், கொதிக்க வைத்துக் குடிக்க வறுத்த பார்லி போதும்.

புது முட்டைகள் வந்துவிட்டன, ஓடுகிறேன். அம்மா கேட்டால், தேநீர்தான் ஊற்றினேன் என்று சொல்லிவிடுங்கள்.

மிசுவே