இறைச்சி டப்பா வழக்கு

ஹாரோ, இலோயிலோ
மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கான்சிங் அக்காவுக்கு,

தங்கை ஹெர்மினியா எழுதுவது. அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. உன் பிள்ளைகள் இருவரும் நன்றாகச் சாப்பிடுகிறார்கள், அதைவிட நன்றாகச் சண்டை போடுகிறார்கள். நீ போனில் பேசும்போது உன் எஜமானியம்மா பின்னாலேயே நடமாடும் சத்தம் கேட்கிறது. அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டு டெலியா நாளை ஹாங்காங் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

"கடைக்காரங்க நீட்டுற தாள்ல கையெழுத்தைப் போட்டுத் தொலைச்சிட்டு வேலையைப் பாருடி" என்று போன வாரம் சொன்னாய். முடியாது அக்கா. அன்று அம்மா பக்கத்தில் இருந்ததால் உன்னிடம் பாதியைத்தான் சொன்னேன். மீதியையும் இப்போது கேள்.

ஜனவரியில் நீ அனுப்பிய பெட்டியில் பன்றி இறைச்சி டப்பாக்கள் இருந்தன அல்லவா? ஒன்றை என் ஞானமகள் வீட்டில் கொடுக்கலாம் என்று கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வழியில் அரிசி வாங்க அந்தப் பெரிய கடைக்குள் நுழைந்தேன். கொண்டுபோகும் பொருளை வாசல் மேசையில் ஒப்படைத்து எண் அட்டை வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வெளிநாட்டுப் பெட்டியில் வந்த சாமானை நம் ஊரில் எவள் அந்த மேசையில் வைப்பாள்? திரும்பி வரும்போது அது அங்கே இருக்கும் என்பதற்கு யார் ஜாமீன்? வைக்கவில்லை. நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

வெளியே வரும்போது காவலாளி நெஸ்டர், நம் தெருக்கோடி நெஸ்டர்தான், "டீச்சர், பையைக் கொஞ்சம் திறங்க" என்றான். திறந்தேன். அதே டப்பா அவர்கள் அலமாரியிலும் இருக்கிறது. என்னிடம் பில் இல்லை. அடியில் சீன எழுத்து இருக்கிறது, ஹாங்காங் கடை ஸ்டிக்கர் இருக்கிறது, பார் என்று திருப்பித் திருப்பிக் காட்டினேன். அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். டப்பாவைப் பார்க்கவே இல்லை. "எங்க கடையிலயும் இறக்குமதி சரக்கு விக்குது மேடம். மாட்டுறவங்க எல்லாம் இதே கதையைத்தான் சொல்றாங்க" என்றார்.

பின்பக்கக் கிடங்கில் சோப்புப் பெட்டிகளுக்கு நடுவே இரண்டரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். கதவைப் பூட்டினார்கள். போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஒரு பெண் வந்து சட்டைக்குள் கையை விட்டுத் துழாவினாள். போலீஸைக் கூப்பிடுங்கள் என்று கேட்டது யார் தெரியுமா? நான்! திருடியதாகச் சொல்லப்பட்டவள் போலீஸ் போலீஸ் என்று கத்துகிறேன், அவர்கள் கூப்பிட மாட்டேன் என்கிறார்கள். "ஒத்துக்கிட்டு நாலு வரி எழுதிக் குடுங்க, விட்டுடறோம்" என்பதே பல்லவி. நான் எழுதவில்லை. என் பெயர் எழுதிய அட்டையை நெஞ்சருகே பிடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். கடைசியில் யாருக்கோ புத்தி வந்து அலமாரியில் டப்பாக்களை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றுகூடக் குறையவில்லை. அப்போதும் மன்னிப்பு இல்லை. "சரி, கிளம்புங்க" என்றார் மேனேஜர். ஆட்டோக்காரனிடம்கூட அப்படிப் பேச மாட்டார்கள்.

மறுநாள் அந்தப் படம் மூன்றாவது கல்லாவுக்குப் பக்கத்தில் 'எச்சரிக்கை' என்ற தலைப்போடு ஒட்டப்பட்டிருந்தது. என் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாரும் அங்கேதான் சாமான் வாங்குகிறார்கள். பிள்ளைகளை முதல் நற்கருணைக்குத் தயார்செய்யும் வேத வகுப்பைத் தலைமையாசிரியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார், "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று. ஒரு பெண் குழந்தை பென்சில் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, "டீச்சர், நீங்க திருடுனீங்களா?" என்று கேட்டாள். கேலி இல்லை அக்கா, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனேன். தலைவர் அன்பாகத்தான் பேசினார். ஆனால் கடையை நடத்தும் கம்பெனியை அங்கே அழைக்க முடியாதாம், கம்பெனி மனிதன் இல்லையாம். நெஸ்டரை மட்டும் அழைக்கலாமாம். என்னைப் பூட்டி வைக்க அதற்குக் கை இருந்தது, பதில் சொல்லத்தான் வாய் இல்லையா? நெஸ்டர் வந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். போலீஸைக் கூப்பிட வேண்டாம் என்று மேனேஜர்தான் தடுத்தார், எங்கே வேண்டுமானாலும் சொல்கிறேன் என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் அவனை மட்டும் மாட்டிவிட்டு அந்த மேனேஜர் நழுவுவதற்கு நான் வழிவிட மாட்டேன்.

பிறகு இலவச அரசு வக்கீல் வில்லாஃப்ளோரைப் பார்த்தேன். வேர்க்கடலையை உடைத்துத் தின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டார். சந்தேகத்துக்குக் காரணம் இருந்தால் கடைக்காரர் நிறுத்திக் கேட்கலாமாம். பூட்டி வைப்பதும், உடம்பைத் துழாவுவதும், எழுதிக் கொடு என்று மிரட்டுவதும் சட்டத்தில் இல்லையாம். அடைத்து வைத்ததற்கும் மிரட்டியதற்கும் குற்றப் புகார் கொடுக்கலாம். அட்டையும் படமும் அவதூறு, அதற்கு ஆறு மாதம்தான் கெடு. பட்ட அவமானத்துக்குக் கம்பெனிமேலேயே நஷ்டஈட்டு வழக்கும் போடலாம். "கோர்ட்ல கம்பெனியும் மனுஷன்தான், கவலைப்படாதீங்க டீச்சர்" என்று சிரித்தார். மூன்று வாரத்தில் அன்றுதான் நானும் சிரித்தேன்.

இதற்கு நடுவில் கடையிலிருந்து ஒரு கூடை வந்தது. நூடுல்ஸ், காப்பித்தூள், சோப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, அலங்காரமாக, அதே இறைச்சி டப்பா! கூடவே நீ சொன்ன அந்தத் தாள். 'கடை தன் கடமையைச் செய்தது, எனக்கு எந்தக் குறையும் இல்லை' என்று அதில் அச்சடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் படத்தை எடுத்துவிடுவார்களாம். போட்டால் அத்தனை வழியும் அடைபடும் என்கிறார் வக்கீல். கூடையை அப்படியே திருப்பி அனுப்பினேன். காப்பித்தூளையாவது எடுத்திருக்கலாம் என்று அம்மா இன்னும் முணுமுணுக்கிறாள்.

இப்போது எனக்கு வேண்டியது உன் கையெழுத்து. டப்பாவை நீதான் வாங்கினாய், நீதான் பெட்டியில் வைத்து அனுப்பினாய் என்று நம் தூதரக அலுவலகத்தில் உறுதிமொழி எழுதி முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும். போனில் இதைக் கேட்டதும் நீ பேச்சை மாற்றிவிட்டாய். திருட்டு என்ற சொல் அந்த வீட்டுக்காரர்கள் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று பயப்படுகிறாய். எனக்குப் புரிகிறது. போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது மீன் கழுவிக்கொண்டே நீ சொன்னாய். எஜமானியம்மாவின் மோதிரம் காணாமல் போனதும், உன் பெட்டியைத் தரையில் கவிழ்த்ததும், உள்ளாடைகளைக்கூட ஒவ்வொன்றாக உதறச் சொன்னதும், மறுநாள் மோதிரம் குளியலறையில் கிடைத்ததும். நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

தூதரக அலுவலகம் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் என்கிறாள் டெலியா. உன் விடுமுறை நாள்தான், யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம். அவளே உன்கூட வருவாள். ஒரு தாளில் டப்பாவைப் பற்றி எழுது. இன்னொரு தாளில் மோதிரத்தைப் பற்றி எழுது அக்கா. அதை எந்தக் கோர்ட்டிலும் கொடுக்க மாட்டேன். நீ எடுக்கவில்லை என்று நீயே எழுத, ஒருத்தியாவது அதைப் படித்திருக்க வேண்டும்.

கண்டெலாரியா மாதா உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
இரண்டு தாள்களுக்கும் காத்திருக்கும் உன் தங்கை,
ஹெர்மினியா