புதன்கிழமைத் திருநீறு

என் செல்விக்கு,

நீ போய் இரண்டு தீபாவளி கடந்துவிட்டது. உனக்கு ஒரு செய்தி இருக்கிறது. நல்ல செய்தி என்று நினைத்துவிடாதே.

உனக்கு எச்.ஐ.வி. மாத்திரை கொடுத்த ஆஸ்பத்திரியில் போன வாரம் ஒரு கூட்டம். மாதாமாதம் வரவழைக்காமல் மூன்று மாத மாத்திரையை ஒன்றாகக் கொடுக்கலாமா என்று கருத்துக் கேட்டார்கள். இறந்தவளின் வீட்டு ஆள் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். பிஸ்கட் நன்றாக இருந்தது.

"மொத்தமாக் கொடுத்தா தொலைச்சிருவாங்க மேடம்" என்றார் டாக்டர், கூட்டம் நடத்த வந்த அதிகாரியிடம். கூட்டம் முழுக்கத் தன் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

என் பக்கத்தில் சாத்தூர் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் ஒரு பெண். "ஒரு வருசமா ஒரு வேளை மாத்திரை விடல சார். எங்கள நம்ப இன்னும் என்ன செய்யணும்ங்கீக?" என்றாள். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

எனக்கு உன் புதன்கிழமைகள் ஞாபகம் வந்தன. மாத்திரை வாங்கும் நாளில் இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போவதாகச் சொல்லி லீவு கேட்டாயே, பொய் சொல்லத் தெரியாதவளே! பட்டாசுக் கம்பெனியில் உன்னோடு பெட்டி அடுக்கியவள் பிடித்துக்கொண்டாள். "ஏத்தா, செவ்வா வெள்ளிய விட்டுட்டு எவ புதன்கெழம ஆத்தாளப் பாக்கப் போவா? துன்னூறு எங்க?"

அடுத்த மாதத்திலிருந்து மாத்திரையோடு திருநீறும் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தாய். பூசிக்கொண்டார்கள், நம்பினார்களா?

பிறகு தீபாவளி சீசன். "இப்பப் போனா என் இடத்துல வேற ஆளு உக்காந்துரும்க்கா" என்றாய். சீசன் முழுக்க ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பிறகு காய்ச்சல். பிறகு நீ இல்லை.

அன்று நான் என்ன சொன்னேன்? "உயிரைவிட ஒரு நாள் லீவு பெருசாடி?" கல்லூரியில் பாடம் நடத்துகிறவளின் வாய். "உனக்கு எத்தனை நாள் லீவுக்கா?" என்று நீ என்னைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்த டாக்டரை ஏளனம் செய்ய எனக்கு என்ன யோக்கியதை? இருந்தாலும் செய்கிறேன்.

கடைசியில் அவர் சொன்ன முடிவைக் கேள்: "தீபாவளி முடியட்டும், பாக்கலாம்."

"அதுவரைக்கும் எனக்கு யாரு லீவு தாராக?" என்று சாத்தூர்ப் பெண் சிரித்தாள். உன் சிரிப்பு மாதிரியே இருந்தது.

வருகிற புதன்கிழமை அவளுக்குப் பதிலாக வரிசையில் நான் நிற்கப் போகிறேன். ஆள் மாற்றித் தரமாட்டோம் என்பார்கள். அவளுக்கு மூன்று மாதத்துக்கு எழுதித் தரும்வரை நகரமாட்டேன்; மறுநாளும் போவேன். எனக்கு லீவு நிறைய மிச்சம் இருக்கிறது, செல்வி.

உன்னோடு ஒரு புதன்கிழமைகூட வராத
உன் அக்கா