எனக்குத் தகுதியில்லை என்று சொன்னேன்

மரியாதைக்குரிய அம்மாவுக்கு, ஆக்லாந்திலிருந்து ரூத்தா. நாங்கள் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

பள்ளி நிர்வாகக் குழுத் தேர்தலில் தோற்றுவிட்டேன். கவலைப்படாதீர்கள், கேட்டால் சிரிப்பீர்கள். எனக்கு எதிராக நின்றவள் பிலிப்பா. வேட்பாளர்கள் பெற்றோர் முன்னால் பேச வேண்டிய நாளில், ஊர்ச் சபையில் அப்பா தொடங்குவாரே, அப்படியே தொடங்கினேன்.

“நான் ஒண்ணும் தெரியாதவ. இங்க நிக்கவே எனக்குத் தகுதியில்ல. என்னைவிட பிலிப்பா எவ்வளவோ மேல்.”

நம் சமோவாவில் என்றால், “அதெல்லாம் இல்ல, நீதான் வரணும்” என்று சபையே சொல்லியிருக்கும். இங்கே எல்லோரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிலிப்பாவுக்கே ஓட்டுப் போட்டார்கள்.

“நீயே வேணாம்னா அவங்க என்னடி பண்ணுவாங்க?” என்று மெலே அக்கா திட்டித் தீர்த்தாள். பிலிப்பாவோ என் கையைப் பிடித்துக்கொண்டு, “இவ்ளோ நேர்மையா பேசுற ஆளை நான் பார்த்ததே இல்ல” என்றாள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வருடம் பள்ளியில் நம் மொழி வகுப்பை நிறுத்தப் போகிறார்கள். அதைத் தடுக்கத்தான் நின்றேன். என் மகள் தலித்தா அந்த வகுப்பில் இப்போதுதான் உங்கள் பெயரை எழுதப் பழகியிருக்கிறாள்.

யாராவது வந்தால் நம் வீட்டுக் கோகோ கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். பழைய துணியிலேயே சுற்றுங்கள், அதில் நம் அடுப்பங்கரை வாசனை இருக்கும்.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. தோற்றதை அப்பாவிடம் சொல்லாதீர்கள். அவரைப் போலவே பேசினேன் என்று மட்டும் சொல்லுங்கள். அது பொய்யில்லை.

ரூத்தா