தம்பி கேட்ட படம்

ஆகஸ்ட் 16, வெள்ளி

தம்பி ஜாபர்மேல் எனக்கு இவ்வளவு கோபம் வந்ததே இல்லை.

அமெரிக்காவில் மாநிலச் சட்டசபையில் இருந்து, அந்த நாட்டுப் பாராளுமன்றமான காங்கிரஸ் சபை வரைக்கும் போனவன். மறுபடியும் தேர்தலில் நிற்கிறான். அவன் பேசியதை என் மகள் போனில் போட்டுக் காட்டித் தமிழில் சொன்னாள். சின்ன வயதில் காரைக்காலில் உம்மா அவனைப் பட்டினியாகவே தூங்க வைத்தாராம். பச்சைப் பொய். வாப்பா பக்கத்துக் கோட்டுச்சேரியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். கண்ணை மூடும்வரை வீட்டுக்கு வந்த யாரையும் உம்மா சாப்பிடாமல் அனுப்பியதில்லை.

சாயங்காலம் அவனே கூப்பிட்டான். "லாத்தா, உம்மா படம் ஒண்ணு அனுப்புங்க. விளம்பரத்துக்கு வேணும்."

"பட்டு கட்டிக்கிட்டு எடுத்த படம்தான் இருக்கு."

"அது வேணாம். கஷ்டப்பட்ட மாதிரி இருக்குறதா பாருங்க."

"உம்மா எப்படா உன்னைப் பட்டினி போட்டாங்க?"

"இங்க அப்படிச் சொன்னாத்தான் ஓட்டு விழும் லாத்தா. மவுத்தாப்போனவங்களுக்கு இதுல என்ன கொறஞ்சுடப் போவுது?"

போனை வைத்துவிட்டேன்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் இவன் ஜெயிக்க வேண்டுமென்று அழுது துஆ கேட்டவள் நான். இன்று இரவு இஷா தொழுதுவிட்டுக் கையை ஏந்தினேன். அவன் பெயர் வாயில் வரவில்லை. உம்மாவுக்கு மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.