மீதிச் சொல்

இன்று காலை ஜானகி அனுப்பியிருந்த நார்த்தங்காய் ஜாடியைத் திறந்தேன். மூடியை எடுத்ததும் பவானிபூர் வீடு மறைந்துபோய், கிடர்பூர் துறைமுகத்துக் கரிப்புகையும் ஆற்று ஈரமும் மூக்கில் ஏறிக்கொண்டன. நம் பெண் உன் கைப்பக்குவத்தில் முக்கால்வாசியை எட்டிவிட்டாள். முழுவதும் எட்டிவிட்டாள் என்று எழுதினால் நீ சண்டைக்கு வருவாய். சண்டைக்காவது வந்தால் தேவலை.

கல்யாணமாகி நீ கல்கத்தா வந்த புதிதில் உனக்கு வங்காளியில் பத்து வார்த்தைகூடத் தெரியாது. தெரிந்தவற்றில் ஒன்று 'ஆஷி'. வருகிறேன் என்று அர்த்தம். நாம் தீதி என்று கூப்பிடும் மேல்மாடி வங்காளி அக்கா ஒருநாள் மத்தியானம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, "ஆஷி" என்று சொல்லிப் படியேறினாள். வருகிறேன் என்கிறாளே, எதையோ எடுத்துவரப் போயிருக்கிறாள் என்று நீ காபியை அடுப்போரம் வைத்துக்கொண்டு விளக்கேற்றும் நேரம்வரை உட்கார்ந்திருந்தாய். நான் ஆபீஸிலிருந்து வந்து, அவர்களும் நம்மைப்போலத்தான், கிளம்பும்போது போகிறேன் என்று சொல்லமாட்டார்கள் என்று விளக்கினேன். உனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே. "அப்போ இவாளும் நம்ம மனுஷாதான்" என்றாய். அன்றோடு இந்த ஊரைப் பற்றிய உன் பயம் போயிற்று. சுண்டிப்போன காபியை நான்தான் குடித்தேன்.

பிறகு யுத்தம் வந்தது. பட்டாளத்துக்கு அரிசியும் பருப்பும் அனுப்புகிற ஆபீஸில் நான் குமாஸ்தா. "மூட்டை எண்றவருக்குச் சண்டையிலே என்ன வேலை?" என்று கேட்டாய். மூட்டை போகிற இடத்துக்குக் குமாஸ்தாவும் போகவேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. அரபு தேசத்துப் பஸ்ரா. எத்தனை காலம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஜானகி அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். உன் அண்ணா உங்கள் இருவரையும் ஊருக்கு அழைத்துப்போவதாகச் சொன்னார். "அவர் திரும்பி வர வீடு திறந்திருக்கணும், நான் இங்கேயேதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டாய். அவ்வளவு தைரியக்காரி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. வண்டி ஏறும்போது உன் முகத்தைப் பார்த்து, 'போய்ட்டு வரேன்' என்று வாயால் சொல்லவேண்டும்.

சொல்லத்தான் செய்தேன். குதிரை வண்டியில் ஏறி உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி, "போய்ட்டு" என்றேன். அந்த நேரம் பார்த்து வண்டிக்காரன் கடிவாளத்தைச் சொடுக்கினான். என் தலை கூரையில் மோதியது. மீதி வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. தலையைத் தடவிக்கொண்டு எட்டிப் பார்த்தபோது வண்டி தெருமுனை திரும்பியிருந்தது. சிரிப்பு வந்தது. ஆனால் நீ வாசலில் பாதிச் சொல்லோடு நிற்பாய் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தீதிதான் வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரித்தாள். நீ நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, "போய்ட்டுன்னார், வரேன்னு சொல்லலையே" என்று தேம்பினாயாம். தீதியின் புருஷருக்குத் துறைமுகத்தில் வேலை. துறையிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் கப்பல், இரண்டு பெரிய கதவுகளுக்கு நடுவே 'லாக்' என்ற இடத்தில், தண்ணீர் மட்டம் சரியாகும்வரை காத்து நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, உன்னையும் இழுத்துக்கொண்டு அவள் வண்டி பிடித்தாள். யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு வேண்டுமே என்று நீ நார்த்தங்காய் ஜாடியைக் கையில் எடுத்துக்கொண்டாய்.

நான் மேல்தட்டில் ஒரு கூட்டத்துக்கு நடுவே நின்றிருந்தேன். கரையில் நீ. நிமிர்ந்து பார்த்தால் உனக்கு எல்லாமே தொப்பியும் தலைப்பாகையும்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் காரியம் சுலபம். அதுதான் உனக்கு வராதே. தீதிக்கும் அடுத்தவீட்டு ஆம்பிளையின் பெயரைக் கத்தக் கூச்சம். கடைசியில், அடுக்களைக்கு வெளியே குரல் உயர்த்தி அறியாத நீ, துறைமுகமே கேட்க, "ஏன்னா" என்று கூப்பிட்டாய். அத்தனை பேர் இருந்த கப்பலில் அந்தச் சொல்லுக்குத் திரும்பக்கூடியவன் நான் ஒருவன்தான்.

"மீதியைச் சொல்லுங்கோ" என்றாய்.

நான் வாயைத் திறந்தேன், கப்பல் ஊதிற்று. மறுபடி திறந்தேன், மறுபடி ஊதிற்று. நீ காதில் கையை வைத்து, விழவில்லை என்று தலையை ஆட்டினாய். தீதி பொறுமை இழந்து, வருகிறேன் என்று சொல்லும்படி, "ஆஷி போலுன், பாபு" என்று அதட்டினாள். என் பக்கத்தில் நின்ற வங்காளி குமாஸ்தாக்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒருவர் ஆரம்பிக்க, மேல்தட்டு முழுக்க, "ஆஷி, பௌதி, ஆஷி" என்று உன்னை அண்ணியாக்கிக் கத்திற்று. அவர்களை வழியனுப்ப யாரும் வந்திருக்கவில்லை. எல்லோரும் உன்னிடமே சொல்லிக்கொண்டார்கள். லாக்கில் தண்ணீர் இறங்க இறங்கக் கப்பலும் இறங்கி, என் முகம் உன் முகத்துக்கு நேரே வந்தது. "வரேன்" என்றேன். இந்த முறை யாரும் ஊதவில்லை. நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்போதுதான் நினைவு வந்ததுபோல ஜாடியை எட்டிக் கொடுத்தாய்.

பஸ்ராவின் வெயிலையும் ஈயையும் பற்றி உன்னிடம் அதிகம் சொன்னதில்லை. சொல்லவேண்டியது ஊறுகாயைப் பற்றித்தான். உன் நார்த்தங்காயை வங்காளிகள் முகம் சுளித்துக்கொண்டே முக்கால் ஜாடி தீர்த்தார்கள். நான் கூடாரத்தைவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனால்கூடப் பின்னாலிருந்து, "ஆஷி, பௌதி" என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலிதான் என்னை அங்கே மனுஷனாக வைத்திருந்தது.

வருஷங்கள் கழித்துத் திரும்பி வந்து படியேறினேன். நீ அடுப்பைவிட்டுத் திரும்பாமலே, நான் ஏதோ கறிகாய் வாங்கப் போய்வந்தவன்போல, "வந்துட்டேளா?" என்றாய். காலடிச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டாயே. 

எனக்கு அவ்வளவு கட்டளை போட்டவள், போன வருஷம் ஒரு மத்தியானத் தூக்கத்தில் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டாய். போகிறேன் என்றும் சொல்லவில்லை, அந்தமட்டும் உன் சட்டப்படி சரி. எனக்கு உன்மேல் கோபமில்லை. உன்னை நினைத்தால் இப்போதும் முதலில் சிரிப்புத்தான் வருகிறது. குடையை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கும்போதெல்லாம் உள்ளே பார்த்து, இரண்டு சொல்லையும் முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறேன்.

விடைபெறுவதற்கென்றே இத்தனை காலம் சொல்லிவந்த அந்தச் சொல்லுக்கு, இந்த வயதில் அதன் சொந்த அர்த்தம் வந்துவிட்டது. என் கப்பலும் லாக்கில்தான் நிற்கிறது. தண்ணீர் மட்டம் சரியாகக் கொஞ்சம் நேரமாகும். ஜானகியின் ஜாடியில் ஊறுகாயும் நிறைய இருக்கிறது, அது தீரட்டும்.

வரேன்.