இவர் கடலில், நாங்கள் பள்ளிக்கூடத்தில்

நவம்பர் 11

லென்ஸ் தேய்க்கும் மெஷின் இன்றும் மக்கர் செய்தது. நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடை முதலாளி அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார், ஓடியது. இந்த வைத்தியம் மனிதர்களுக்கும் பலித்தால் என் மாமியாருக்கு — வேண்டாம், எழுதக் கூடாது.

சாயங்காலம் டிவி புயல் செய்தியில் கடலுக்கு நடுவே ஒரு வெள்ளைச் சுழியைக் காட்டினார்கள். குளியலறைத் தண்ணீர் ஓட்டைக்குள் போகிற மாதிரி இருக்கிறது என்றாள் குட்டி. ஆறு வயசுக்குச் சரியாகத்தான் பார்க்கிறாள் என் பெண். அத்தை டிவியை அணைத்துவிட்டார். வருஷா வருஷம் பூச்சாண்டி காட்டுகிறார்களாம்.

நவம்பர் 13

இவர் மத்தியானமே வீட்டுக்கு வந்தார். பை எடுக்க.

இழுவைப் படகைத் துறைமுகத்திலேயே கட்டிவைத்தால் அலை அதைச் சுவரில் மோதி உடைத்துவிடுமாம். அதனால் புயலுக்கு முன்னால் ஆழ்கடலுக்குக் கொண்டுபோகிறார்கள். பெரிய பெரிய கப்பலையெல்லாம் இழுத்து வந்து கரை சேர்க்கிற படகு, தான் பிழைக்கக் கரையை விட்டு ஓட வேண்டியிருக்கிறது. இன்ஜின் போகுமிடத்துக்கு மெக்கானிக்கும் போக வேண்டுமே. இவரும் போகிறார்.

"ஊரே கடலை விட்டு ஓடுது. நீங்க கடலுக்குள்ள போறீங்க."

"ஆழத்துல அலை தூக்கும், இறக்கும், அவ்வளவுதான். உடையாது. கரையிலதான் உடையும்" என்றார், குட்டிக்குப் பாடம் சொல்வது போல. பையின் ஜிப் மூடிய பிறகும் கை அதை இழுத்துக்கொண்டே இருந்தது.

போகட்டுமா வேண்டாமா என்று அத்தையிடம்தான் கேட்டார். இந்த வீட்டில் எப்போதும் அப்படித்தான். "போயிட்டு வா" என்றார் அத்தை. நான் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தேன்.

நவம்பர் 14

மைக் கட்டிய ஜீப் விடிந்ததிலிருந்து தெருத்தெருவாகச் சுற்றியது. எல்லாரும் மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும், பஸ் வரும், ஆளுக்கு ஒரு பை மட்டும்.

அத்தை கட்டிலை விட்டு எழவில்லை. "அவன் வந்து பூட்டின வீட்டைப் பார்க்கணுமா? நீங்க ரெண்டு பேரும் போங்க." கெஞ்சினேன். கத்தினேன். குட்டி அழுதாள். ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தார். கடைசி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. டிரைவரே இறங்கி வந்து, தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று என்னிடம் கேட்டார். அத்தை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார்.

நான் அடுப்படிக்குள் போனேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையில் யாருமே இல்லாமல், வெளியே கேட்கும்படி பேசினேன். சரிங்க. சொல்றேங்க. சரி. பிறகு வந்து சொன்னேன்: "அவர்தான் அத்தை. படகு திரும்புதாம். நேரா பள்ளிக்கூடத்துக்கே வந்துடறாராம். உங்களை அங்க இருக்கச் சொன்னார்."

என் முகத்தையே பார்த்தார். அப்புறம் குனிந்து செருப்பைத் தேடினார்.

எனக்கு இவ்வளவு சுலபமாகப் பொய் வருமா?

அதே நாள், சாயங்காலம்

ஐந்தாம் வகுப்பு அறை. நாலைந்து குடும்பங்கள். கரும்பலகையில் யாரோ போட்ட பின்னக் கணக்கு பாதியில் நிற்கிறது. குட்டி அதற்குப் பக்கத்தில் மீன் வரைகிறாள்.

அத்தை கதவுக்குப் பக்கத்து பெஞ்சில். யார் உள்ளே வந்தாலும் எழுந்து நிற்கிறார். வந்த சாப்பாட்டுப் பொட்டலத்தில் ஒன்றைப் பிரிக்காமல் மடியில் வைத்திருக்கிறார். பசியோடு வருவானாம். ஒவ்வொரு முறை அவர் எழும்போதும் நான் குட்டியின் மீனைப் பார்த்துக்கொள்கிறேன். சொல்லிவிடலாமா? சொன்னால் வீட்டுக்கு ஓடுவார். சொல்லாவிட்டால் — எவ்வளவு நேரம்?

நவம்பர் 15

துறைமுக ஆபீஸ் கிளார்க் நனைந்துகொண்டே வந்தார், படகில் போனவர்களின் வீட்டாரைத் தேடி. விடியற்காலையிலிருந்து வயர்லெஸ்ஸில் படகு பதில் சொல்லவில்லையாம். பயப்பட வேண்டாமாம். கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு அதைச் சொன்னார்.

"நேத்து காலையில கூட போன் பண்ணானே" என்றார் அத்தை.

"இல்லம்மா. முந்தாநாளே போன் சிக்னல் தாண்டிட்டாங்க. வயர்லெஸ் மட்டும்தான்."

அத்தை என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து கதவை நோக்கி நடந்தார். வெளியே தகரம் காகிதம் மாதிரிப் பறக்கிறது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "தொடாதே." அவ்வளவுதான் சொன்னார். இரண்டு ஆண்கள் கதவைச் சாத்தி, பெஞ்சை முட்டுக் கொடுத்தார்கள். இப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

காற்று — இது காற்றா? தலைக்கு மேல் லாரிகள் வரிசையாக, முடிவே இல்லாமல் போகிற மாதிரி. தரை நடுங்குது. ஆழத்துல உடையாது. ஆழத்துல உடையாது. அவர் சொன்னார் இல்ல? கடவுளே, அவர் சொன்னார் இல்ல?

நவம்பர் 16

உயிரோடு இருக்கிறோம்.

நேற்று ஜன்னல் சட்டத்தோடு பெயர்ந்து உள்ளே வந்து விழுந்தது. நான் அசையவே இல்லை. அத்தைதான் குட்டியை பெஞ்சுக்கு அடியில் இழுத்துப் போட்டு, அவள்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். அவருடைய கண்ணாடி எங்கோ பறந்துபோனது. முதுகெல்லாம் ஜன்னல் சில்லு.

காலையில் நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "குட்டி, உங்கம்மாவை மெதுவா எடுக்கச் சொல்லு" என்றார். குட்டி அதை அப்படியே என்னிடம் ஒப்பித்தாள்.

நவம்பர் 17

தகவல் இல்லை.

நவம்பர் 18

வீட்டைப் பார்க்கப் போனோம். தெரு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. எங்கள் சமையலறைச் சுவரை உடைத்துக்கொண்டு ஒரு மீன்பிடிப் படகு பாதி உள்ளே வந்து நிற்கிறது. அத்தையின் கட்டில் அதற்கு அடியில், தீக்குச்சி மாதிரி. சுவரில் சேற்றுக்கோடு கதவு நிலைக்கு மேலே. எதிர்வீட்டுத் தையல்காரர் வர மாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர். இன்று காலையில்தான் உடலைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அத்தை சேற்றுக்கோட்டைத் தொட எம்பினார், எட்டவில்லை. எனக்குள் அற்பமாக ஒரு ஆசை, ஒரு வார்த்தை சொல்வார் என்று.

"அவன் இல்லாம நான் இருந்து என்ன பண்ண?" என்றார். என்னிடம் இல்லை, படகிடம்.

நவம்பர் 19

கிளார்க் மறுபடி வந்தார். கரை ஒதுங்கியவர்களை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், வந்து பார்க்க வேண்டுமாம். குட்டியை வகுப்பறையில் ஒரு டீச்சரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். கூப்பிடவில்லை, ஆனாலும் அத்தை வந்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்குக் கை நீளத்துக்கு மேல் எல்லாம் புகை. என் தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

தரையில் வரிசையாக. துணியை விலக்கி விலக்கிக் காட்டினார்கள். கால்களை மட்டும் முதலில் பார்த்தேன். இவருக்கு இடது கட்டைவிரலில் நகம் கிடையாது. இல்லை. இல்லை. இல்லை. கடைசியில் இருந்தவர் இவர் படகின் சமையல்காரர். குட்டிக்கு பிஸ்கட் கொடுத்தனுப்புவாரே, அவர்தான்.

"இவர் இல்லை அத்தை" என்றேன்.

நம்பவில்லை. என் பையை விட்டுவிட்டு, ஒவ்வொரு முகத்துக்கும் மண்டியிட்டு, மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து, தானே பார்த்தார். முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை. நான் சொன்ன ஒரு பொய்க்கு இவ்வளவு பெரிய தண்டனையா? எனக்கா, அவருக்கா?

சமையல்காரர் அங்கே என்றால் படகு எங்கே?

நவம்பர் 21

தெரியாத நம்பர். எடுக்கவே பயந்தேன். ஒருவேளை — எடுத்தேன்.

இவர் குரல்.

தெற்கே ரொம்ப தூரத்தில் ஒரு மணல்திட்டில் படகு ஏறிக் கவிழ்ந்துவிட்டதாம். மீன்பிடிப்பவர்கள் இவரைக் கண்டெடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இடது கை நசுங்கியிருக்கிறது. "குட்டி எப்படி இருக்கா? அம்மா?" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது.

ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். அத்தை நிமிரக்கூட இல்லை. போனோடு வந்து நிற்கிற மருமகளை ஒருமுறை பார்த்தது போதாதா? போனை அவர் காதில் வைத்து அழுத்தினேன். பிறகு, "டேய்" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டிசம்பர் 6

கடை திறந்துவிட்டது. ஊரில் பாதிப் பேர் புயலில் கண்ணாடியைப் பறிகொடுத்திருக்கிறார்கள். வாசலில் ஒரே கூட்டம், ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு. கண் பார்ப்பவர் இன்னும் வந்து சேரவில்லை. நானேதான் எழுத்துப் பலகையைக் காட்டுகிறேன்.

இன்று அத்தையும் வரிசையில் நின்றார். நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் நாங்கள் இருவரும் மாட்டிக்கொண்டோம். என்னோடு நேராகப் பேசாமல் இத்தனை நாள் ஓட்டிவிட்டார். இங்கே தூது போகக் குட்டி இல்லை.

லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டேன். தலையை மட்டும் ஆட்டினார்.

"வாயைத் திறந்து சொல்லுங்க அத்தை. பொய்யா தலையாட்டினா கண்ணாடி தப்பாப் போயிடும்."

சொன்ன பிறகுதான் என்ன வார்த்தை சொன்னேன் என்று உறைத்தது.

"எனக்கு அந்தப் பழக்கம் இல்ல" என்றார் அத்தை. உதட்டோரம் லேசாக அசைந்தது. பிறகு பலகையைப் பார்த்து, மேல்வரியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாகப் படித்தார்.

டிசம்பர் 19

இவர் வந்துவிட்டார், நாங்கள் இப்போது இருக்கிற வாடகை வீட்டுக்கு. இளைத்திருக்கிறார். நசுங்கிய இடது கையில் இரண்டு விரல்கள் மூடவே இல்லை. குட்டி முதலில் கிட்டப் போகவில்லை. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் எழுந்துபோய்க் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிறார். சமையல்காரரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜனவரி 17

படகைச் சரிசெய்துவிட்டார்களாம். ஆபீஸிலிருந்து ஆள் வந்து, திங்கட்கிழமை இன்ஜின் வேலைக்கு வரச் சொன்னார்.

அவர் போன பிறகு இவர் அத்தையிடம் போய் நின்றார். "என்னம்மா, போகட்டுமா?"

அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். "என்னைக் கேட்காதேடா. அவளைக் கேளு."

இவர் என் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷமாக நாக்கின் நுனியில் வைத்திருந்த பதில், கேட்டதும் எங்கோ போய் ஒளிந்துகொண்டது. மூடாத அந்த இரண்டு விரல்களைப் பார்த்தேன்.

"வேண்டாங்க. கரையில ஏதாவது வேலை பாருங்க."

பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு, ஆபீஸில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். அந்த வழி கடலை ஒட்டித்தான் போகிறது. மத்தியானத்திலிருந்து காற்று வேறு.

அத்தை வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். நகர்ந்து எனக்கு இடம் விட்டார். இவர் திரும்பி வந்து தெருமுனையில் தெரியும்வரை நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை.