பின்னறையில் எரிந்த ஊதா விளக்கு

ஜனவரி 9

ஹாஸிம் இன்று வெள்ளை விளக்கைக் கழற்றிவிட்டான். ஒரு மாதம் எரிந்தும் பாசி வளரவில்லை, அதன்மேல் பழுப்புச் சளிதான் படிந்தது. மீன்தொட்டிக் கடை லபீப் நேற்றே சொன்னார்: "விளக்கு பழசானா வெளிச்சத்தோட நிறம் மாறிடும் தம்பி. பகல் வெளிச்ச வெள்ளையிலயே புதுசு ஒண்ணு வாங்கு. கடல் திராட்சைப் பாசிக்கு அது போதும்." என் மகன் கேட்டானா? ஸ்ட்ராபெரித் தோட்டக்காரன் ஒருவன் கழித்துப் போட்ட ஊதா விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான். சிவப்பும் நீலமும்தான் செடிக்குச் சாப்பாடாம். முப்பது வருடம் வேதியியல் நடத்தியவளுக்கே பாடம் எடுக்கிறான்.

எடுக்கட்டும். வெளியே வந்த மூன்று மாதத்தில் அவன் இவ்வளவு பேசியது இன்றுதான்.

(ஹஷீஷ், அதாவது கஞ்சாப் பிசின் வழக்கு, ஜெயிலில் இரண்டு வருடம். எழுதியாயிற்று. இனி இந்த நோட்டில் அதை எழுத மாட்டேன்.)

ஜனவரி 10

மீன் தொட்டி கூடத்தில், பாசித் தொட்டி பின்னறையில். இரண்டுக்கும் நடுவே குழாய், ஒரே தண்ணீர். மீனுக்குப் பகலில் விளக்கு, பாசிக்கு இரவில். அப்போதுதான் தண்ணீர் இரவில் அமிலமேறிப் புளிக்காமல் நிலையாக இருக்கும் என்கிறான். கணக்கு சரிதான், தப்புச் சொல்ல முடியவில்லை.

ஆனால் பின்தெரு முழுக்க ஊதா! எதிர்வீட்டுக் கொடியில் காயும் சட்டைகூட ஊதா.

ஜனவரி 18

வளர்கிறது. ஒரு கைப்பிடி பத்து கைப்பிடியாகிவிட்டது. குட்டிக் குட்டிப் பச்சை முத்துகள், ஒவ்வொன்றிலும் காற்றுக்குமிழி. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. "இத முலூகியாக் கீரை மாதிரி சமைக்கலாமாடா?" என்றேன். சிரித்தான். சிரித்தான்!

மாலையில் காவலாளி ஸிபாயி படியில் மறித்தார். "பின்னறையில என்ன டீச்சரம்மா, கல்யாண விளக்கு?"

"பாசி வளக்கிறான்."

"பாசியா. சரி. சரி."

எதற்கு இரண்டு சரி? அறைக்குள் கஞ்சா வளர்ப்பவர்களும் இதே ஊதா விளக்கைத்தான் போடுவார்களாம்.

ஜனவரி 25

மீன் வளர்ப்பவர்கள் தொட்டித் தண்ணீரைச் சுத்தமாக வைக்கப் பாசி வாங்க வருகிறார்கள். மோட்டார் சைக்கிளில் வந்து ஹார்ன் அடிப்பார்கள். இவன் கத்தரித்து, சின்னத் தராசில் நிறுத்து, குட்டிப் பிளாஸ்டிக் பையில் முடிந்து கொண்டுபோய்க் கொடுப்பான். அரை நிமிடத்தில் போய்விடுவார்கள். இன்று அவன் போன் மேசைமேல் கிடந்தது. திரையில் ஒரு செய்தி: "பச்சை இருக்கா?"

போனைக் கவிழ்த்து வைத்தேன். பச்சை என்றால் பாசிதானே?

ஜனவரி 29

வருடா வருடம் வரும் கரம் புயல் சொன்ன தேதிக்கு வந்துவிட்டது. கடற்கரைச் சாலையில் அலை ஏறி அடிக்கிறது, டிராம் நின்றுவிட்டது. இந்த மழையிலும் பின்தெருவில் எதிர்க் காபிக்கடைப் பந்தலின் கீழ் தோல்கோட்டு போட்ட ஒருவன் நிற்கிறான். நம் கட்டடத்தையே பார்க்கிறான்.

ஜனவரி 31

இன்றும் நின்றான். அண்ணாந்து பார்த்தான். ஹாஸிமிடம் சொன்னேன்.

"தெருவுல ஆள் நிக்கக் கூடாதாம்மா?"

"அந்த வெள்ளை விளக்க வாங்கித் தொலைச்சா என்னடா? உனக்குப் பேர் கெட்டது போதாதா?"

முகம் மாறிவிட்டது. மெதுவாகத்தான் சொன்னான். "இப்ப வெளிச்சத்துல கை வெச்சா பாசி மிரண்டுடும். ஒரே ராத்திரில இருக்கறதயெல்லாம் தண்ணில கக்கிட்டுச் செத்துடும். மீனையும் சேத்துக் கொன்னுட்டுத்தான் போகும்."

பேர் கெட்டது என்று சொல்லியிருக்க வேண்டாம்.

பிப்ரவரி 4

அவன் குளிக்கப் போன நேரத்தில் அவன் அறையைச் சோதித்தேன். எழுதவே கை கூசுகிறது. அலமாரியில் வெள்ளித்தாளில் மடித்த ஒரு பழுப்புக் கட்டி. நகத்தால் கீறி முகர்ந்தேன். இறால் வாடை. மீன் தீனி.

தரையில் உட்கார்ந்து அழுதேன். அதோடு சந்தேகம் போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. இந்தக் கட்டி மீன் தீனி, வேறு கட்டி எங்கே வைத்திருக்கிறானோ என்றுதான் மனம் போகிறது. இந்தப் புத்தியை என்ன செய்வது?

பிப்ரவரி 6

புயலில் இங்கே கடல் கலங்கிவிட்டது. தெளிந்த தண்ணீர் எடுக்க மேற்கே மத்ரூஹ் கடற்கரைக்குப் போயிருக்கிறான், நண்பனின் லாரியில். நான்கு நாள். "விளக்குல மட்டும் கை வெக்காதம்மா" என்று இரண்டு முறை சொன்னான்.

சாயங்காலம் தோல்கோட்டு வந்து நின்றது. இம்முறை போனில் யாரிடமோ பேசிக்கொண்டே நம் பின்னறை ஜன்னலைக் காட்டினான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். நான்கு நாள்தானே. அவன் வருவதற்குள் மாட்டிவிடலாம்.

பிப்ரவரி 7

நன்றாகத் தூங்கினேன்.

பிப்ரவரி 8

முத்துகள் வெளுத்திருக்கின்றன. நேற்றைய பச்சை எங்கே போனது? கண்ணாடி மாதிரி உள்ளே ஒன்றுமில்லை. உடனே விளக்கைப் போட்டேன். வெளுத்தது வெளுத்ததுதான்.

பிப்ரவரி 9

விடியும் முன் எழுந்து பார்த்தேன். தண்ணீர் பால். கூடத்துத் தொட்டியும் பால். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. விசிறியால் வீசினேன், கிண்ணத்தால் மொண்டு மொண்டு ஊற்றினேன் — படித்த வேதியியல் எல்லாம் இதற்குத்தானா! கண்ணெதிரே ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

பாசி கையில் எடுத்தால் கூழாக ஒழுகியது. வீடெல்லாம் நாற்றம். யாராவது வந்து என்ன இது என்று கேட்டால்? இரண்டு கறுப்பு மூட்டையில் வாரிக் கட்டி, பாங்கு சொல்லும் நேரத்தில் நானே தூக்கிக்கொண்டு நான்கு மாடி இறங்கி, கடலில் கொட்டிவிட்டு வந்தேன். வாசலில் ஸிபாயி எழுந்து ஓடிவந்தார். "குடுங்க டீச்சரம்மா, நான் இருக்கேன்ல?"

"வேணாம். கனமில்ல."

பிப்ரவரி 10

மதியம் வந்தான், தோளில் தண்ணீர்க் கேனோடு.

"விளக்க நிறுத்தினியா?"

"ஆமாடா."

கத்தவில்லை. கேனை இறக்கி வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான். "நீயும் நம்பலயா?" என்றான்.

ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவனுக்கு ஃபூல் அவரைக்கொட்டை சூடு பண்ணப் போய்விட்டேன்.

பிப்ரவரி 11

நேற்று எழுதி மூடிய அரை மணியில் போலீஸ்காரர்கள் கதவைத் தட்டினார்கள். நான்கு பேர். ஊதா விளக்கு, தராசு, கத்தரி, குட்டிப் பைகள் — எல்லாம் என் சாப்பாட்டு மேசைமேல் வரிசையாக.

"என்ன வளத்த?"

"கடல்பாசி."

"எங்க?"

காலித் தொட்டி. கழுவித் துடைத்தவள் நான்.

அதிகாரி மரியாதையாகத்தான் என் பக்கம் திரும்பினார். "விடியக்காலைல மூட்டைய ஏன் கடல்ல போய்க் கொட்டினீங்கம்மா?"

ஹாஸிமும் என்னைப் பார்த்தான். அவனும் பதிலுக்குக் காத்திருந்தான். பதில் ஒரே வரி: என் மகனை நான் நம்பவில்லை. அவன் முன்னால் அதை எப்படிச் சொல்வேன்? "நாத்தம் அடிச்சுது" என்றேன். யாரும் நம்பவில்லை.

அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். முதலில் நான்கு நாள் காவல்.

பிப்ரவரி 12

படியில் எதிரே தோல்கோட்டு. கையில் இனிப்புப் பெட்டி, பூங்கொத்து. பக்கத்தில் அவன் அம்மா. மூன்றாம் மாடி சுஹைரைப் பெண் கேட்டு வந்தார்களாம். எங்கள் பின்னறைக்கு நேர் கீழே அவள் ஜன்னல்.

கீழே ஸிபாயியின் சட்டையைப் பிடித்துவிட்டேன். இந்த வயதில், இத்தனை பேர் பார்க்க! அவரும் அழுதுவிட்டார். "விளக்கப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடல டீச்சரம்மா. எத்தனயோ பேர் கேட்டாங்க, பாசினுதான் சொன்னேன். ஆனா முப்பது வருஷத்துல நீங்க ஒரு குப்பைக்கூடையத் தூக்கி நான் பாத்ததில்ல. அன்னைக்கு ரெண்டு மூட்டைய எங்கிட்டக்கூடக் குடுக்காமக் கடல்ல போய்க் கொட்டினதப் பாத்தேன்... எனக்கே பயமாயிடுச்சு. மறுநாள் ஸ்டேஷன்காரர் காபி குடிக்க வந்தப்ப வாய்விட்டுட்டேன்."

யாரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நான்தான் பார்க்க வைத்தேன்.

பிப்ரவரி 13

லபீப் வந்தார். தொட்டி மோட்டாரின் வடிகட்டி வலையில் விரலை விட்டுத் துழாவி ஒரு துணுக்கை எடுத்தார். மூன்று முத்து, மூன்றும் பச்சை. மத்ரூஹ் தண்ணீரில் போட்டு, கொண்டுவந்த புது வெள்ளை விளக்கை அவரே கட்டினார்.

"கைப்பிடி அளவு வர எத்தன நாளாகும்?"

"ஒரு மாசம்."

"நாளைக்கு நீதிபதிகிட்ட காட்டணும்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி 14

ஜாம் பாட்டிலில் எடுத்துப்போய்க் காட்டினேன். நீதிபதி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இதுக்கா தராசு?"

பழைய வழக்கு இருக்கிறது, கத்தரியும் பைகளும் பரிசோதனையில் இருக்கின்றன. இன்னும் பதினைந்து நாள் காவல்.

என்னைத் தாண்டி அழைத்துப் போகும்போது ஹாஸிம் நின்றான். பாட்டிலைப் பார்த்தான். "என்ன விளக்கு வெச்சிருக்க?"

"வெள்ளை."

"எவ்வளவு உயரத்துல?"

"ஒரு சாண்."

"இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்டும்மா. பக்கத்துல இருந்தா வெளுத்துடும்."

வீட்டுக்கு வந்ததும் துணி காயப்போடும் கொடிக் கயிற்றை அறுத்து, நான்கு விரல் உயர்த்திக் கட்டினேன். பாட்டிலைத் திறந்து துணுக்கைத் தொட்டியில் விட்டேன். மூன்று முத்துகளில் ஒன்று அதற்குள் வெளுத்திருந்தது.